எரிமலைச் சிறுவனுக்கு எத்தனையாவது இடம்

காலை பத்து இருபது. ஆறு படங்கள். ஜெசிந்தாவின் கைக்கு வந்த சீட்டில் ஐந்து என்று போட்டிருந்தது. ஐந்து என்றால் கடைசி ஆள், கடைசி ஆள் என்றால் அவள் வாயைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், வழக்கம்போல முதல் வெட்டிலேயே நாலாவது படம் போயிருக்கும், அப்புறம் மிச்சம் இருக்கிற இரண்டில் எது போனால் என்ன. சீட்டை மடித்தாள், மறுபடி பிரித்தாள், ஐந்துதான். அசோக் நகரில் தணிகைவேல் வீட்டு மாடி அறை, ஆகஸ்ட் மாதத்து இரண்டாம் ஞாயிறு. வருஷா வருஷம் இந்த நாளில் இந்த ஐந்து பேரும் இங்கே உட்கார்ந்து தமிழில் குரல் மாற்றி ஓடிய வெளிநாட்டுக் கேப்டன் ஆல்ட்ரிக் படங்கள் ஆறையும் வரிசைப்படுத்துகிறார்கள். யார் கேட்டார்கள் என்றால் யாரும் கேட்கவில்லை. ஓட்டுப் போட்டால் சண்டை வருகிறது என்று தணிகைவேல் கண்டுபிடித்த முறை இது: ஐந்து பேர், ஆறு படம், ஆளுக்கு ஒன்றை வெட்ட வேண்டும். முதலில் வெட்டுப்படுவது கடைசி இடம், வெட்டுப்படாமல் மிஞ்சுவது முதல் இடம். சண்டை அதிலும் வருகிறது, ஆனால் முறையாக வருகிறது. வெட்டுகிறவன் காரணம் சொல்ல வேண்டும். காரணம் திரையில் தெரிவதாக, திரையில் கேட்பதாக இருக்க வேண்டும். சொந்தக் கதை கிடையாது. ஒரு வருஷம் நாகூர்கனி பாய் ராமநாதபுரத்தில் தனக்குக் காய்ச்சல் அடித்தபோது மாமாவின் தோளில் உட்கார்ந்து இரண்டாம் படம் பார்த்த கதையைச் சொல்ல ஆரம்பித்து, டீ ஆறி, வடை ஆறி, மாமா இறந்து, அதற்கும் அப்பால் போய்விட்டது. அன்றைக்கு வந்த சட்டம். அந்தச் சட்டத்துக்கு முதலில் கை தூக்கியவள் ஜெசிந்தாதான், ஏன் தூக்கினாள் என்று இப்போது அவளுக்கே விளங்கவில்லை, ஒருவேளை விளங்குகிறதோ என்னவோ.

இத்தனை வருஷம் இந்த வரிசையால் உலகத்தில் ஒன்றும் நடந்ததில்லை. இந்த வருஷம் நடக்கும். தணிகைவேல் ஒரு காலத்தில் வாடகை வீடியோ கேசட் கடை வைத்திருந்தவர், கடையை மூடியபோது இந்த ஆறு கேசட்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். டிவியில் வருகிற ஆல்ட்ரிக் வேறு ஆல்ட்ரிக்; சேனல்காரர்கள் புதிதாகக் குரல் கொடுத்து ஓட்டுகிறார்கள், அந்தக் கேப்டன் சோப்பு விற்கிறவன்போலப் பேசுகிறான். தியேட்டரில் ஓடிய பழைய தமிழ், அவர்களுக்குத் தெரிந்தவரையில், இந்த ஆறு நாடாவில்தான் இருக்கிறது. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்துவிட்டது. வடபழனியில் ஒருவர் இதையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருகிறார். அவரிடம் இருப்பதும் ஒரே பழைய பிளேயர். "ஹெட்டு தேஞ்சு போச்சு சார், ஒரு டேப்புக்கு நான் பொறுப்பு. ரெண்டாவது ஓடுனா ஓடும். அதுக்கு மேல உங்க அதிர்ஷ்டம்" என்று சொல்லிவிட்டார். அதனால் வரிசை எப்படி வருகிறதோ அப்படியே ஒவ்வொன்றாகக் கொடுப்பது என்று தீர்மானம். கடைசி இடத்துக் கேசட் கிட்டத்தட்ட குப்பைத்தொட்டி. கடைசி இடத்தில் எப்போதும் இருப்பது நாலாவது படம், எரிமலைச் சிறுவன். அதில் கேப்டனோடு ஒட்டிக்கொண்டு வருகிற சிறுவனுக்குத் தமிழில் பேசியது ஒன்பது வயது ஜெசிந்தா. இது இந்த அறையில் யாருக்கும் தெரியாது.

சொல்லியிருக்கலாம். முதல் வருஷம் சொல்லத்தான் வந்தாள், புடவைகூட அதற்கென்று ஒன்றைக் கட்டிக்கொண்டு. செருப்பைக் கழற்றி உள்ளே கால் வைத்தபோது நாகூர்கனி நடு அறையில் நின்று எரிமலைச் சிறுவன் மாதிரி இரண்டு கையையும் மேலே தூக்கி, "மாமா, கயிறு அறுந்துடுச்சூ..." என்று இழுத்துக்கொண்டிருந்தார். இழுப்பு, வாயை மூடிக்கொண்டு மூக்கால் இன்னும் கொஞ்சம் இழுப்பு, பிறகு தொப்பென்று பாயில் விழுந்தார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிப்பு வந்தது, வராமல் என்ன செய்யும், அவர் அப்படித்தான் செய்கிறார். சிரித்த பிறகு சொன்னால் அது சிரித்தவர்கள் மேல் குற்றப்பத்திரிகை வாசித்த மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. அடுத்த வருஷம் அடுத்த வருஷம் என்று ஆகி, ஒரு வருஷம் ஆளாளுக்கு அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்தபோது அவள் முறையும் வந்தது. சொன்னாள். நாகூர்கனி கையை ஆட்டி, "உங்களுக்கு வரல சிஸ்டர், விடுங்க. அதுக்கு ஒரு தனி எரிச்சல் வேணும்" என்றார். அதை நினைத்தால் பஸ்ஸில் போகும்போதுகூடச் சிரிப்பு வருகிறது. பல்லாவரத்தில் அவள் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளருக்கு எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு தடவை வந்து, அந்த ஆள் தன் கண்ணில் ஏதோ கோளாறு என்று பயந்துபோனார்.

"புரொபசரே, முதல் கத்தி உம்ம கையில. ஆரம்பிங்க" என்றார் தணிகைவேல். சுதர்சனம் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர், இங்கேயும் எழுந்து நின்றுதான் பேசுவார். இதோ போகிறது. ஜெசிந்தா டம்ளரைப் பார்த்துக்கொண்டாள். டீயின் மேல் ஆடை கட்டியிருந்தது. அந்த டப்பிங் தியேட்டரிலும் டீ கொடுத்தார்கள், குழந்தைக்கு டீயா என்று யாரோ கேட்டு அப்புறம் பாலும் பன்னும் வந்தது. பன்னைத் தின்றால் தொண்டையில் ஒட்டும், வேலை முடியட்டும் என்று திருப்பி வாங்கிக்கொண்டார்கள். சாயங்காலம் வரைக்கும் அந்தப் பன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேசைமேல் இருந்தது. குளிர். ஏசி என்ற ஒன்றை அன்றைக்குத்தான் முதலில் கண்டாள். மைக் எட்டாமல் ஸ்டூல் போட்டு ஏற்றிவிட்டார்கள், ஸ்டூலின் ஒரு கால் ஆடியது, ஆடினால் சத்தம் பதிவாகும் என்று அடியில் காகிதத்தை மடித்து வைத்தார்கள். "பனிக்கடல் பூதம்" என்றார் சுதர்சனம். என்ன? அவள் நிமிர்ந்தாள். "அஞ்சாவது படத்தை வெட்டுறேன். மைனஸ் முப்பது டிகிரின்னு வசனம் வருது. ஆறு பேர் நிக்கிறாங்க. ஒருத்தர் வாயிலயும் மூச்சு ஆவியா வரல. இது பனி இல்ல, உப்பு. உப்பு மூட்டையைக் கொட்டிப் படம் எடுத்திருக்கான்." நாகூர்கனி எழுந்துவிட்டார், ஐந்தாவது அவருடைய உயிர். "யோவ், உம்ம வாயில மட்டும் ஆவி வருதா? எப்பப் பாரு ஏசி ரூம்ல கத்துறீரு, வருதா?" "எனக்கு மைனஸ் முப்பது இல்ல பாய்." "உமக்கு எப்பவும் மைனஸ்தான்." தணிகைவேல் டம்ளரைத் தட்டினார். ஐந்தாவது படம் கடைசி இடம். நாலாவது இல்லை. ஜெசிந்தாவுக்கு ஒரு நிமிஷம் யாரோ வேறு வீட்டுக்குப் போக வேண்டிய பார்சலைத் தன் கையில் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வதா, இது என் வீடு இல்லை என்று சொல்வதா.

இரண்டாவது சீட்டு நாகூர்கனியிடம். ரிச்சி தெருவில் மிக்ஸி மோட்டார் சுற்றுகிற கை, முழங்கை வரை எண்ணெய்க் கறை போகாத கை, அந்தக் கையால் காற்றில் ஒரு வெட்டு வெட்டினார். இவர் கட்டாயம் நாலை வெட்டுவார், நடித்தும் காட்டுவார், விழுவார், பாய்கூட விரித்திருக்கிறது. "மணல் கோட்டை மர்மம்" என்றார். முதல் படம், சுதர்சனத்தின் படம். "ஊருக்குள்ள நுழையறப்போ ஒட்டகத்துக்கு ரெண்டு திமில். கிணத்துப் பக்கம் வந்து நிக்கிறப்போ ஒரு திமில். இன்னொரு திமில எந்தக் கடையிலய்யா அடகு வச்சான் ஒம்ம கேப்டன்?" சுதர்சனம் வாயைத் திறந்து, அந்தக் காட்சியைக் கண்ணுக்குள் ஓட்டிப் பார்த்து, வாயை மூடிக்கொண்டார். உண்மைதான் போல. நாலாவது படத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை. ஏன் என்று அவளுக்குப் புரிய ஆரம்பித்தது. இந்த வருஷம் வரிசையில்தான் நாடாவின் உயிர் இருக்கிறது, நாலாவதை எப்படியும் எவனோ ஒருவன் வெட்டிவிடுவான் என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். செத்த பாம்பை அடிக்க ஏன் தன் கம்பை வீணாக்க வேண்டும், கம்பு ஒன்றுதான் இருக்கிறது, எதிரி உயிரோடு இருக்கிறான். இப்படியே போனால், இல்லை, போகாது. எண்ணாதே. எண்ணினால் போய்விடும். அந்தச் சிறுவன் பாறை விளிம்பில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்குவான். கீழே குழம்பு மாதிரி நெருப்பு. முகத்தில் புள்ளி புள்ளியாக மச்சம், முன்பல் ஒன்று பாதி உடைந்தது. அவன் என்ன பாஷை பேசினான் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. ஒரே துண்டுப் பிலிமை வளையமாக ஒட்டி ஓட்டுவார்கள், லூப் என்று பெயர், ஓடி முடிந்த இடத்தில் மறுபடி ஆரம்பிக்கும். அவன் தொங்குவான், வாயைத் திறப்பான், விழுவான். தொங்குவான், வாயைத் திறப்பான், விழுவான். "வாயைப் பாரும்மா, கண்ணைப் பாக்காத, வாயைப் பாரு" என்று காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் குரல் வரும். அவள் கண்ணைத்தான் பார்த்தாள். தான் சரியாகச் சொல்லாததால்தான் அவன் திரும்பத் திரும்ப விழுகிறான் என்று நினைத்தாள். சரியாகச் சொல்லிவிட்டால் விழமாட்டான். யாரும் அப்படிச் சொல்லவில்லை, அது இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இழுத்தாள். அறுந்துடுச்சு என்பதை விடாமல், அந்தக் கடைசி எழுத்தைக் கயிறாகப் பிடித்துக்கொண்டு, அவன் வாய் மூடிய பிறகும், அவன் கை நழுவிய பிறகும். அவன் விழுந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சரி ஓகே, போதும், சாப்பிடப் போலாம்" என்றார்கள்.

அந்தக் குரல் எப்படி இருந்தது? இதுதான் இப்போது பயம். கண்ணை மூடி அதைக் கேட்கப் பார்க்கிறாள், வருவது நாகூர்கனி. மூக்கால், எண்ணெய்க் கையைத் தூக்கிக்கொண்டு. அவரைத் தள்ளிவிட்டு மறுபடி கேட்டால் மூன்றாவது சீட்டுக்காரன் இசக்கிமுத்து வருகிறான், அவனுக்குப் பின்னால் சுதர்சனம். போன வருஷம் நாலாவது படத்தைப் போட்டுப் பார்க்கவில்லை, அதற்கு முந்தின வருஷம் கரண்ட் போய்விட்டது. தன் குரலைத் தான் மறந்துவிட்டு, மற்றவர்கள் செய்கிற கேலியைத் தன் குரல் என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஒருத்தி. இருக்கட்டும், நாற்பத்திரண்டு வயதில் ஒன்பது வயதுக் குரலை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாள். ஒன்றும் செய்யப்போவதில்லை. இருந்தால் போதும். கண்ணாடிக் கடையில் பழைய பிரேமைத் தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்கிற கிழவர்களிடம் இதைத்தான் கேட்பாள், வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள். அவர்களும் சும்மா இருக்கட்டும் என்பார்கள். அந்தப் படத்துக்குப் பிறகு அவளை யாரும் கூப்பிடவில்லை. குரல் நல்லா இருக்கு, ஆனா அடங்க மாட்டேங்குது என்று அம்மாவிடம் சொன்னார்களாம். அம்மா அதை வருத்தமாகச் சொல்லவில்லை, கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். அவளுக்கும் வருத்தமாக இல்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் பரீட்சை.

"இசக்கி, உன் டர்ன்" என்றார் தணிகைவேல். இசக்கிமுத்து கால் டாக்ஸி ஓட்டுகிறவன், திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், இவர்களில் இளையவன். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது, ஆறாவது மிச்சம். அவன் அவளைப் பார்த்தான். பார்க்காதே. "எனக்கு நாலாம் படத்த வெட்டணும்னு கை அரிக்கி. ஆனா அண்ணன் வெட்டிருவாக, இல்லன்னா அக்கா வெட்டிருவாக. நான் ஆற வெட்டுதேன். காத்தில்லாக் குகை. வௌவால் கூட்டம்னு சொல்லுதான், எல்லாம் கறுப்புத் துணி. ஒரு வௌவாலுக்குத் தையல் தெரியுது, சத்தியமா." "காத்தே இல்லாத குகையில அது எப்படிப் பறந்துச்சு, அதச் சொல்லு" என்றார் நாகூர்கனி. "அதுவும் உண்டும்." எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு நிற்பதற்குள் அவள் வடை ஒன்றை எடுத்துப் பாதியைத் தின்றிருந்தாள், எடுத்தது தெரியவில்லை. வடை நன்றாக இருந்தது. தணிகைவேலின் மனைவி சீரகத்துக்குப் பதில் சோம்பு போடுவார், முதல் வருஷம் ஒரு மாதிரி இருந்தது, இப்போது இதுதான் வடை. மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கிளிக் போட்டது. நன்றாக இருக்கிறது, இந்த அறை, இந்தக் கூச்சல், ஒட்டகத்தின் திமிலுக்காக ஒரு பேராசிரியர் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருப்பது. எதுவும் நடக்காவிட்டாலும் இது நடந்தது. ஆனால் இப்போது தணிகைவேல் இருக்கிறார், தணிகைவேல் ஏமாறமாட்டார். கடை நடத்தியவர், யார் எந்தக் கேசட்டை ஏன் திருப்பிக் கொண்டுவரவில்லை என்று முகத்தைப் பார்த்தே சொன்னவர்.

தணிகைவேல் மீசையைத் தடவினார். அவருடைய படம் மூன்றாவது, வெள்ளிப் பாலம். அவருடையது மட்டும் இல்லை, ஒட்டகமும் உப்பும் போன பிறகு எல்லாருக்குமே அதுதான், பாலம் நடுவில் மடங்குகிற காட்சியில் யாரும் டீ குடிக்கமாட்டார்கள். "இப்ப நான் யோசிக்கிறத வெளிப்படையாவே சொல்லிடுறேன்" என்றார். "முறைப்படி பாத்தா நாலாவத வெட்டணும். வெட்டுனா என்ன ஆகும்? ரெண்டும் மூணும் நிக்கும். அடுத்து ஜெசிந்தாம்மா. அவங்களுக்கு முதலைப் படம்னா உசுரு. என் பாலத்தை வெட்டிடுவாங்க. அதனால ரெண்டாவது. மூன்று கண் முதலை. மன்னிச்சுக்குங்கம்மா. மூணாவது கண்ணு ஒரு காட்சியில இடப் பக்கம் நகர்ந்திருக்கு. பசை விட்டுப்போச்சு." சுதர்சனம் விரலை மடக்கி, "அப்படின்னா மிச்சம்..." என்றார். "பாலமும் பொடியனும்!" என்று இசக்கிமுத்து தொடையில் அடித்துக்கொண்டான். "எலேய், அந்தப் பய பைனலுக்கு வந்துட்டாம்ல!" நாகூர்கனி பாயில் விழுந்து புரண்டார். "அல்லா, நம்ம அஞ்சு பேரும் படிச்சவங்கதானே? எப்படிய்யா நடந்துச்சு இது?" "உங்க ஒட்டகத்தால நடந்துச்சு." "உம்ம உப்பால நடந்துச்சு." தணிகைவேல் மட்டும் கலங்கவில்லை. "அம்மா வெட்டிடுவாங்க. காரணத்தக்கூட நம்மளே சொல்லிடலாம். டீயைக் குடிச்சிட்டுச் சொல்லுங்கம்மா, அவசரமில்ல."

டீயைக் குடிக்கிற நேரம். ஆறிப்போன டீ, இரண்டு வாய் இருக்கும். வெட்டினாலும் இரண்டாம் இடம். வெட்டாவிட்டால் முதல் இடம். ஒரு டேப்புக்கு நான் பொறுப்பு, ரெண்டாவது ஓடுனா ஓடும். ஓடாவிட்டால்? பூஞ்சை. வெள்ளிப் பாலத்தை வெட்ட அவளிடம் காரணம் இருக்கிறது, அதுதான் கஷ்டம். வரைபடம் படிக்கிற அந்தக் கிழவர், கிட்டத்தில் எழுத்துத் தெரியவில்லை என்று கண்ணாடி போடுகிறார், ஆனால் அவர் பக்கவாட்டில் திரும்பும்போது கண்ணாடிக்குள் கன்னத்தின் கோடு உள்ளே தள்ளித் தெரிகிறது. அது தூரத்துக்குப் போடுகிற கண்ணாடி. கிட்டத்துக்குப் போடுகிற கண்ணாடியில் கன்னம் வெளியே தள்ளும். இதைச் சொன்னால் சுதர்சனம் எழுந்து நின்று கை கொடுப்பார், ஒளியியல் அவருக்கு உயிர். திரையில் தெரிகிற காரணம், சட்டத்துக்கு உட்பட்ட காரணம், சொந்தக் கதை இல்லை. ஆனால் சொந்தக் கதைதான். கன்னக்கோட்டுக்காக யார் பாலத்தை வெட்டுவார்கள், அந்தக் கன்னம் வேறு யாருக்கும் தெரிந்ததே இல்லை, அவளுக்கே தெரிந்தாலும் பாலம் மடங்கும்போது அது ஞாபகம் வருவதில்லை. எரிமலைச் சிறுவன் நல்ல படம் இல்லை. எரிமலை மாவுபோல இருக்கிறது, கேப்டன் பாதிப் படத்துக்கு இல்லை, பையன் பேசிக்கொண்டே இருக்கிறான், வாய் மூடின பிறகும் பேசுகிறான். அவளே இன்னொருத்தியாக இருந்து அந்தக் குரலைக் கேட்டிருந்தால் முதல் வெட்டில் வெட்டியிருப்பாள், விழுந்தும் காட்டியிருப்பாள். சொல்லிவிடலாமா? அது என் குரல். சொன்னால் நாலு பேரும் உடனே மாறிவிடுவார்கள், நாகூர்கனி கண்ணில் தண்ணீர் வரும், முதல் இடம் நாலுக்கே என்பார்கள், எல்லாரும் ரொம்ப நல்லவர்கள். அப்புறம் அந்த வசனத்தை யாரும் சொல்லமாட்டார்கள். யாரும் விழமாட்டார்கள். அடுத்த வருஷம் நாலாவது படம் வந்தால் அறையில் மரியாதையாக உட்கார்ந்திருப்பார்கள், சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பதைப்போல. வேண்டாம். நாலு பேர் தன்னைத் திட்டுகிற அறையில் தான் சுகமாக இருக்கிறோம் என்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. தெரிந்துதான் இருந்தது, இருந்தாலும் இப்போதுதான் அது வரிசையாக நின்றது. இரண்டாம் இடம். ஓடினால் ஓடும்.

டம்ளரை வைத்தாள். "நாலு. எரிமலைச் சிறுவன்" என்றாள். "காரணம்?" என்றார் தணிகைவேல், சட்டம் சட்டம்தான். "அந்தப் பையன் வாயை மூடினதுக்கு அப்புறமும் குரல் நிக்க மாட்டேங்குது." கைதட்டல். நாகூர்கனி எழுந்து நின்று சலாம் வைத்தார். "சிஸ்டர், அந்த மூக்கால இழுக்கிறத என் காதுலேருந்து எடுக்கணும்னா ஆபரேஷன்தான் பண்ணணும்." "மூக்கால இழுக்கிறது நீங்க பாய்" என்றாள் ஜெசிந்தா. "படத்துல அது தொண்டையில வரும்." "பாருங்கய்யா, சொல்லவே வராது, திருத்த மட்டும் வந்துடுது." "இருந்தாலும் ரெண்டாவது இடம்லா!" என்றான் இசக்கிமுத்து. "அந்தப் பயலுக்கு வந்த வாழ்வப் பாருங்க." சுதர்சனம் இதெல்லாம் முறையின் கோளாறு, அடுத்த வருஷம் வேறு முறை வேண்டும் என்று தொடங்கினார். அதற்கு நாகூர்கனி பதில் சொன்னார். அதற்கு அவர் பதில் சொன்னார். கீழே இருந்து யாரோ படியேறி வருகிற சத்தம், புதிதாக டீ. ஜெசிந்தா மிச்சம் இருந்த பாதி வடையைத் தின்றாள். தொண்டையில் ஒன்றும் ஒட்டவில்லை. பேச்சு ஒட்டகத்துக்குத் திரும்பியிருந்தது, அவளும் அதில் சேர்ந்துகொண்டாள், இரண்டு ஒட்டகமாக இருந்திருக்கலாம் என்றாள், யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிப் பாலம் 2019 செப்டம்பர் 8 அன்று முழுதாக மாற்றி முடிக்கப்பட்டது. எரிமலைச் சிறுவன் நாடா அக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை, அதே இயந்திரத்தில் ஓட்டப்பட்டது. தொடக்கம் முதல் முடிவு வரை படம் வரவில்லை. ஒலி முழுவதும் வந்தது.